இடுப்பில் வைத்த பாதம்

"என் மூஞ்சியத் தொடு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அண்ணி தரையில் மல்லாந்து படுத்தாள்.

பிள்ளைகள் போய்விட்ட சாயங்காலம். எங்கள் குப்பத்து அங்கன்வாடி, ஏரிக்கரையில், புயல் வந்தால் ஒதுங்குவதற்கு அரசாங்கம் கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. நான் அங்கே ஆயா. பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இதென்ன கூத்து என்று குனிந்தேன். என் கை பாதி தூரம்கூடப் போகவில்லை. அவளுடைய இடது பாதம் என் இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்தது. உதைக்கவில்லை. வைத்தாள், அவ்வளவுதான். பக்கவாட்டில் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவள் இடுப்பு தரையோடு நழுவித் திரும்பியது. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு பாதங்களும் எனக்கு நேராகவே இருந்தன. என் மணிக்கட்டு எப்போது அவள் பிடிக்குள் போனது என்று தெரியவில்லை. கால் தள்ளியது, கை இழுத்தது. கிட்டே போகவும் முடியவில்லை, பிடுங்கிக்கொண்டு விலகவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு இரைத்தது. அவள் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

"இதுக்குப் பேரு ஓப்பன் கார்டு."

"ரேஷன் கார்டு தெரியும், ஆதார் கார்டு தெரியும். இது இன்னா கார்டு அண்ணி?"

"கால ரெண்டையும் அவங்க இடுப்பச் சுத்திப் பூட்டிக்கினா அது வேற. பூட்டாமலே ஆள நிறுத்தணும். அதான் ஓப்பன். கார்டுன்னா காவல்."

அவள் புருஷன் எனக்கு அண்ணன் முறை. அதனால் அண்ணி. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் அத்தை வீட்டில் தங்கி, ஒரு ஜிம்மில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தவள். அந்த ஜிம்மின் மாடியில் ஜியு ஜிட்சு என்று குஸ்தி மாதிரி ஒரு சண்டை சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்கள் நிறைய பேர், பெண்களில் ஒரே ஒருத்தி. காலேஜ் படிக்கிற பெண். அவளுக்கு ஜோடி கிடைக்கவில்லை. "தொடப்பத்த ஓரமா வெச்சிட்டு வாங்கக்கா" என்று மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டிருக்கிறார். போனவள் நாலு வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஜோடியாக இருந்தாள்.

"குஸ்தில முதுகு தரையில பட்டா தோத்த. இதுல அங்கேருந்துதான் ஆரம்பம்" என்பாள்.

எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணமாகி எங்கள் குப்பத்துக்கு வந்த பிறகு அவள் உடம்பு சும்மா கிடந்தது. மேலே வந்து விழ ஓர் ஆள் வேண்டும். என்னிடம் கட்டடத்துச் சாவி இருந்தது. நானும் சும்மாதான் கிடந்தேன். புருஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, நைனா வீட்டில் ஐந்து வருஷமாக இருந்தவள் நான். அந்த ஐந்து வருஷத்தில் பிள்ளைகளைத் தவிர என்னைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. முதல் நாள் வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது, அவள் பாதம் வைத்த இடத்தில் இடுப்பு இதமாக வலித்தது. யாரிடமும் சொல்லக் கூடிய விஷயம் இல்லை அது.

கிழிந்த நைலான் வலைகளைத் தரையில் பரப்பினோம். அதன் மேல் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனர். குழந்தையின் மொட்டைத் தலைமேல் அவள் மல்லாந்து கிடப்பாள். அவளிடம் கோணி மாதிரி தடித்த வெள்ளைத் துணியில் தைத்த ஒரு சட்டை இருந்தது, சென்னையில் அந்தப் பெண் கொடுத்தது. எனக்கு அப்படி ஒன்று இல்லை. என் தம்பியின் பழைய ஜீன்ஸ் ஜாக்கெட்டைப் புடவைக்கு மேலே போட்டுக்கொள்வேன். அவள் அதன் இரண்டு கைகளையும் முனையில் சுருட்டிப் பிடித்து, என் முழங்கை மடிப்பில் பாதங்களை வைத்து நீட்டினால் நான் துணிக்கொடியில் காயப்போட்ட மாதிரி ஆகிவிடுவேன்.

அவள் சொல்வதெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். "முதுக அப்பிக்க விடாத, ஒருக்களிச்சு இரு." "முட்டியத் தாண்ட விட்டியா, போச்சு." "ரெண்டு கை, ரெண்டு காலு. நாலுல ஒண்ணு எடுத்தாலும் மீதி மூணு அவங்க மேல இருக்கணும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல விட்டுடக் கூடாது." "கண்ண மூடிக்கினாலும் அவங்க எங்க நிக்கறாங்கன்னு உன் பாதத்துக்குத் தெரியணும்." உண்மையில் அவள் கண்ணை மூடிக்கொண்டும் விளையாடுவாள்.

ஒரு குறை அவளிடம் இருந்தது. அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். தடுப்பது பாதிதான் என்று மாஸ்டர் திட்டுவாராம். கீழே இருப்பவள் மேலே இருப்பவளின் கால் தடுமாறச் செய்ய வேண்டும், தடுமாறும்போது கவிழ்க்க வேண்டும், கவிழ்த்து மேலே வர வேண்டும். இல்லையென்றால் என்றைக்காவது கால் ஓயும், அன்றைக்கு நீ காலி என்பாராம். அவளுக்குக் கவிழ்க்கத் தெரியும். என்னைப் பத்து முறையாவது கவிழ்த்துக் காட்டியிருக்கிறாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு பாதத்தைக் கொக்கி மாதிரி போட்டு இழுத்து, இன்னொரு பாதத்தால் இடுப்பைத் தள்ளுவாள். உட்காரப் போகிறவள் மாதிரி பின்னால் விழுவேன். ஆனால் சும்மா விளையாடும்போது செய்யமாட்டாள். நான் களைத்து உட்காரும்வரை அப்படியே நிறுத்தி வைத்திருப்பாள்.

வெளியிலும் அப்படித்தான். தண்ணீர் லாரி வரிசையில் ஒருமுறை சண்டை. எங்கள் தெருவில் குரலுக்கும் கைக்கும் எல்லோரும் பயப்படுகிற ஓர் அக்கா பிளாஸ்டிக் குடத்தை ஓங்கிக்கொண்டு இவள் மேல் வந்தாள். இவள் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காலை முன்னால் நீட்டி, கையைப் பின்னால் ஊன்றி, அண்ணாந்து பார்த்தாள். "இன்னாடி இது, எழுந்துருடி! எழுந்து வாடி!" என்று அந்த அக்கா கத்தினாள். உட்கார்ந்திருப்பவளை எப்படி அடிப்பது? வரிசையே சிரித்தது. கடைசியில் அந்த அக்காவும் சிரித்துவிட்டாள். அவள் கை கொடுத்துத்தான் அண்ணி எழுந்தாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற ஒரு ஃபைபர் படகில் அவருக்கும் பங்கு உண்டு. கடலுக்குப் போகிற நாட்களில் அவர் நல்ல மனுஷன். வஞ்சிரத்தில் ஒரு துண்டை விற்காமல் அவளுக்கென்று எடுத்து வருவார். ஆனால் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் படகு வெளியே போகாது. வாரக்கணக்கில், சில வருஷம் மாதக்கணக்கில், ஆண்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது குடி. அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகப் பார்த்தேன். பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு வீடு வீடாக முட்டைக் கணக்கு கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது கதவு திறந்திருந்தது. அண்ணன் கையில் துடுப்பு. அண்ணி அடி விழுவதற்கு முன்பே, தானாகவே, தரையில் மல்லாந்துவிட்டாள். அவர் குனிந்தார். இரண்டு பாதங்களும் அவர் இடுப்பில் போய் உட்கார்ந்தன. துடுப்பை ஓங்க இடம் இல்லாமல் போயிற்று. அதை எறிந்துவிட்டுக் கையால் எட்டப் பார்த்தார். இரண்டு சட்டைக் கைகளும் அவள் பிடியில் இருந்தன. சுற்றிச் சுற்றி வந்தார். அவளும் தரையோடு தரையாகச் சுற்றினாள். அடுப்பங்கரைப் பாத்திரங்கள் உருண்டன. அவர் வாய் மட்டும் ஓயாமல் திட்டியது. பிறகு அதுவும் ஓய்ந்து, முட்டி போட்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

அவள் அப்போதும் சட்டைக் கைகளை விடவில்லை. கீழே இருந்தபடியே கேட்டாள்.

"சோறு போடட்டா?"

மறுநாள் கட்டடத்தில் நான் பிடித்துக்கொண்டேன். "எத்தினி நாளா அண்ணி இது?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"நீ நெனச்சா ஒரு நிமிஷத்துல கவுத்துடலாமே. கவுத்துட்டு வெளிய வந்துட வேண்டியதுதான?"

அவள் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். "கவுத்துட்டா அப்புறம் மேல உக்காரணும். மேல உக்காந்துக்கினு நான் இன்னாடி பண்றது?" என்றாள். பிறகு, "ஒரு அடி என் மேல விழுந்ததில்ல. ஒரு அடி அவரு மேலயும் விழுந்ததில்ல. அத நெனச்சுப் பாரு" என்றாள்.

நான் நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெருமைதான் முதலில் வாய் வழியாக வெளியே வந்தது. அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். டீச்சர் யாரிடம் சொன்னாள், அவள் யாரிடம் சொன்னாள் என்று இப்போது தேடுவதில் பயன் இல்லை. பத்து நாளில் அது படகுத்துறைக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் முகத்துவாரம் மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. துறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் அண்ணனைப் பார்த்து, "பொண்டாட்டி காலுக்கு அடியில படுக்கறவனுக்கு எதுக்குப்பா சீட்டு?" என்றிருக்கிறான். அண்ணன் எழுந்து நேராகத் தெருக்குழாய்க்கு வந்தார். அண்ணியின் முடியைப் பிடித்தார். துறைவரை இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் நாலைந்து பெண்கள் பின்னாலேயே ஓடினோம்.

"பாருங்கடா! யாரு காலுக்கடியில யாருன்னு பாருங்கடா!"

அவள் மணலில் விழுந்தாள். திரும்பினாள். பாதங்கள் வழக்கமான இடத்துக்குப் போயின. முப்பது ஆண்கள் பார்க்க, பட்டப்பகலில், ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள் அவள் புருஷன் இடுப்பில். யாரோ விசில் அடித்தார்கள். அண்ணனின் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன். கையை நீட்டி ஒரு பாறாங்கல்லை எடுத்தார், வலை கட்டிப் போடுகிற கல். அதைத் தூக்க நிமிர்ந்தபோது அண்ணியின் வலது பாதம் இடுப்பிலிருந்து இறங்கி அவர் குதிகாலுக்குப் பின்னால் போனது.

அங்கே இருந்தவர்களில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் பின்னால் சாய்ந்து, இழுத்துப் போட்டிருந்த படகின் விளிம்பில் கை மாட்டிக்கொள்ள விழுந்தார். மணிக்கட்டு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மேலே போய் உட்காரவில்லை. எழுந்து ஓடி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யாராவது ஆட்டோவக் கூப்புடுங்களேன்" என்று அலறினாள்.

நான்காம் நாள் காலையில் அம்மன் கோயிலுக்கு எதிரே ஊர்க் கூட்டம். அண்ணன் மாவுக்கட்டோடு நாற்காலியில். அண்ணி நின்றாள். புருஷனை ஊர் முன்னால் உதைத்துக் கையை ஒடித்தாள் என்பது குற்றம்.

"உதைக்கல" என்றாள் அண்ணி. "வெச்சேன்."

ஆண்கள் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. "வெச்சதுக்கா கை ஒடிஞ்சிது?"

"அன்னிக்கு ஒரு வாட்டி தள்ளினேன். கல்லத் தூக்கினாரு, தள்ளினேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அடிக்க வந்தாரு. நான் ஒரு நாள் ஒரு அடி அடிச்சேனா?" கூட்டத்தில் கண்ணால் தேடி என்னைப் பிடித்தாள். "அதோ நிக்கறா பாருங்க, அவ பாத்திருக்கா. அவளக் கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் என்னைக் கேட்டார். "நீதான கவர்மெண்ட் கட்டடத்தத் தொறந்து வெச்சுக்கினு இவ கூடக் கட்டிப் புரண்டது? பிள்ளைங்க படிக்கற எடத்துல? சொல்லு. இன்னா பாத்த?"

பக்கத்தில் நைனா நின்றார். அவர் விரல்கள் என் முழங்கையை அழுத்தின. என் வேலை நிரந்தர வேலை இல்லை. தலைவர் ஒரு மனு எழுதினால் போதும். இதையெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். தலைவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். "சும்மா எக்சர்சைஸ்னு சொன்னாங்க. அதான்."

அண்ணி என்னைத் திட்டவில்லை. தலையை மெதுவாக ஆட்டினாள், ஏதோ கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டவள் மாதிரி. புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இனிமேல் அந்த வேலையே கூடாது, கட்டடத்துச் சாவி தினமும் சாயங்காலம் தலைவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். அவள் விழுந்தாள். குப்புற.

என் வேலை தப்பியது.

அன்றிலிருந்து அவள் மல்லாந்து படுக்கவில்லை. கட்டு பிரித்த கை தேறியதும் அண்ணன் மறுபடி ஓங்க ஆரம்பித்தார். அவள் சுவரோரமாக நின்று வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு நாள், கண்ணில் ஒரு நாள். தெருக்குழாயில் பார்த்தபோது நான் கிட்டே போய், "ஏன் அண்ணி, காலு இன்னா ஆச்சு உனக்கு? பழையபடி வெக்கறதுதான?" என்று கிசுகிசுத்தேன்.

"எதுக்கு?" என்றாள். குடம் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணி நிலைப்படியில் சாய்ந்து கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றி, அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிவரை போனேன். வழி முழுக்க என் புடவை முந்தானை அவள் காதில் இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னார். மறுநாள் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்பு, பாறாங்கல், ஒரு வருஷம், கூட்டத்தில் நான் சொன்ன பொய், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். பிறகு அண்ணியிடம் குனிந்து, "இவங்க சொல்றது உண்மையாம்மா?" என்று கேட்டார். இடது காது கேட்காததால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"பொய்" என்றாள் அண்ணி. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "மழ ஈரத்துல வழுக்கி விழுந்தேன். நிலப்படி இடிச்சிச்சு. எங்க வூட்டுக்காரரு தங்கமான மனுஷன்."

எஸ்.ஐ. என்னை ஒருமாதிரி பார்த்தார். நோட்டை மூடினார். அவர் போன பிறகு நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் அண்ணி?"

வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டேன்.

"அன்னிக்கு ஊர் முன்னாடி சொல்லியிருந்தா அது சாட்சி" என்றாள், அதே சத்தத்தில். "இன்னிக்குச் சொல்றது கோள். போ, பிள்ளைங்க வந்துரும்."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பொங்கலுக்கு முன்பே இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். பெரிய படகில் அவருக்கு வேலை கிடைத்ததாம். ஒரு வருஷம் கழித்து அண்ணன் மட்டும் ஒரு சாவுக்கு வந்தார். அவளைப் பற்றிக் கேட்டதற்கு, "இருக்கா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அது வேறு யாரோ என்றாள் இன்னொருத்தி.

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு அம்மா வீடு வீடாக வந்தார். பூட்டிய வீட்டுக்கு எதிரே நின்று என்னைக் கூப்பிட்டார். தாளில் இருந்த சின்னப் படத்தைக் காட்டினார். கல்யாணமான புதிதில் எடுத்த படம். இரண்டு காதிலும் ஜிமிக்கி.

"இவங்க இங்க இருக்காங்களா?"

"இல்ல."

"செத்துட்டாங்களா, எடம் மாறிட்டாங்களா?"

"மாறிட்டாங்க."

"எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?"

"நாத்தனார் முறை."

அந்த அம்மா பேனாவால் பெயருக்கு எதிரே ஏதோ குறித்தார். அக்கம்பக்கத்தில் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார். நேரில் விசாரித்தோம், இந்த முகவரியில் இவர் இல்லை என்று அச்சடித்திருந்தது. வெயில் கண்ணில் அடித்தது. தாளைச் சுவரில் வைத்து, என் முழுப் பெயரையும் நைனா பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.